ஹாஸ்டல் ரூமில் எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் எப்படி மறுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல், ஹாஸ்டலில் நாலு பேர் ரூம், மற்ற மூன்று பேரும் சனிக்கிழமை ராத்திரி குடிக்கிறார்கள், "யாரும் என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் வேண்டாம் என்றதும் ரூமே ஒரு மாதிரி அமைதியாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் மூன்று கேள்வி: எப்படி மறுப்பது, ஒரு பீர் குடித்தால்தான் என்ன ஆகிவிடும், ரூமை மாற்றிவிடலாமா. நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது, "காலேஜில் எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும்தான் இப்படி". என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். அதைப் பேசிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருஷம் பாடம் எடுத்தேன், அதில் ஆறு வருஷம் ஆண்கள் விடுதியில் துணை வார்டன். இப்போது குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு தாள் எடுங்கள். உங்கள் ஃப்ளோரில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் எழுதுங்கள். யார் குடித்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களோ அந்தப் பெயருக்கு மட்டும் ஒரு டிக் போடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தது, "அவனும் அடிப்பான்" என்று யாரோ சொன்னது, ஐவி (தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் காலேஜ் டூர்) போனபோது பஸ்ஸில் நடந்ததாகக் கேள்விப்பட்டது எதுவும் சேராது. என்னிடம் வருகிற பையன்களை இதைச் செய்யச் சொல்வேன். ரொம்ப நம்பிக்கையாகத்தான் ஆரம்பிப்பார்கள். பத்தாவது பெயர் வரும்போது பேனா மெதுவாகும். "இவன்... தெரியல சார்", "இவன் எப்பவும் ரூம்லயே இருப்பான் சார்" என்று வரும். முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், குடிக்கு மட்டும்தான் கதை இருக்கிறது. சனிக்கிழமை யார் எங்கே விழுந்தான், யார் பழைய காதலிக்கு போன் போட்டு அழுதான், வார்டன் வந்தபோது பாட்டிலை எங்கே ஒளித்தார்கள் என்பதெல்லாம் திங்கட்கிழமை கேன்டீனில் ஒரு மணி நேரம் ஓடும். அதே சனிக்கிழமை மேட்ச் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குத் தூங்கியவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதனால் அவன் யார் கணக்கிலும் வருவதில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் குடிக்கிறவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். ஆண்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல் குடிக்காதவர்கள். இதில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்திருக்கிறார்கள், உங்கள் ஹாஸ்டலின் கணக்கு இதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அப்படியே இருந்தாலும் "எல்லாரும்" என்பது வராது.

இந்தத் தப்புக் கணக்கு நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் உரியதல்ல. 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு பேர் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களிடம் கேட்டு எழுதினார்கள்: தன் நண்பர்களும் மற்ற மாணவர்களும் குடியை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறாரோ, அது உண்மையைவிட நிறையக் கூடுதலாக இருந்தது. 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரென்டிஸ், மில்லர் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒவ்வொரு மாணவரும் "எனக்கு இந்தக் குடி அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு இது சரிதான் போல" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்கள் தங்கள் மனசையே அந்த "மற்றவர்கள்" பக்கம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மற்றவர்கள் இல்லவே இல்லை என்பதுதான் இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது.

இதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒரே ரூமில் இருந்த மூன்று பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு நாள் என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தவன் அரியர் விஷயமாக வந்ததாகச் சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மத்த ரெண்டு பேருக்காகத்தான் சார் உட்காருறேன், எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றான். வியாழக்கிழமை இரண்டாமவன், வெள்ளிக்கிழமை மூன்றாமவன். வார்த்தை கொஞ்சம் மாறியது, விஷயம் அதேதான். அந்த ரூமில் வாராவாரம் சரக்கு வாங்கியது யாருக்காக என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் சொல்லக்கூடாது என்பதால் நானும் வாயைத் திறக்க முடியவில்லை. "இதை அவங்ககிட்டயும் சொல்லிப் பாரேன்" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். சொல்ல இரண்டு மாதம் ஆனது.

சரி, இப்போது உங்கள் ரூமின் அந்த அமைதிக்கு வருகிறேன். அவர்கள் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று நீங்கள் அதை அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். குடிக்கிறவன் பக்கமிருந்து பாருங்கள். பக்கத்தில் ஒருவன் தெளிவாக உட்கார்ந்திருந்தால், தான் உளறுவதை எல்லாம் அவன் காலையில் ஞாபகம் வைத்திருப்பான் என்ற கூச்சம் அவர்களுக்கு. அதோடு நீங்கள் வேண்டாம் என்றதும், வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பது அந்த மூன்று பேருக்குமே ஞாபகம் வந்துவிடுகிறது. ரெண்டு நிமிஷம் பொறுத்திருங்கள், யாராவது பாட்டு போடுவார்கள், பேச்சு திரும்ப ஆரம்பித்துவிடும். அந்த ரெண்டு நிமிஷத்தைத் தாங்க முடியாமல் கிளாஸை வாங்கியவர்கள்தான் அதிகம்.

துணைக்கு ஒரே ஒருவன் கிடைத்தாலும் இந்த பாரம் பெரிய அளவில் இறங்கிவிடும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கிற மற்றவர்கள் எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். விஷயம் தெரியாமல் மாட்டிக்கொண்ட மாணவர்கள் அந்தச் சுற்றுகளில் சொன்ன விடைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கூட்டத்தோடு போன தப்பு விடை. அதே சோதனையில் சரியான விடையைச் சொல்ல ஒரே ஒரு ஆளைக் கூட உட்காரவைத்தபோது, அந்தத் தப்புகள் கால்வாசியாகக் குறைந்துவிட்டன. கூட்டத்தின் பலம் எல்லாரும் ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது, ஒருவன் விலகினாலே அது உடைகிறது. அதனால் உங்கள் முதல் வேலை, அந்தத் தாளில் டிக் விழாத பெயர்களில் ஒருவனைத் தேடுவது. அவனிடம் குடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். சனிக்கிழமை எட்டு மணிக்குப் பரோட்டா கடைக்குப் போகலாமா என்று கேட்டால் போதும்.

மறுப்பது எப்படி என்று கேட்டீர்கள். காரணம் சொல்லாதீர்கள். இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. "மாத்திரை சாப்பிடுறேன்" என்றால் அடுத்த வாரம் மாத்திரை முடிந்துவிடும். "வீட்ல தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றால் "எப்படிடா தெரியும்" என்பார்கள், "சாமிக்கு மாலை போட்டிருக்கேன்" என்றால் மாலை கழற்றும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். எந்தக் காரணத்துக்கும் பதில் இருக்கும். வெறும் "வேண்டாம் மச்சி" என்பதற்குப் பதில் கிடையாது. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அடுத்த தடவையும் அதே வார்த்தை, அதே குரல். மூன்றாவது சனிக்கிழமை கேட்பதையே விட்டுவிடுவார்கள். அதோடு அவர்களுக்கு அறிவுரை சொல்லாதீர்கள். லிவர், அப்பா அம்மா கஷ்டம் என்றெல்லாம் அந்த நேரத்தில் ஆரம்பித்தால், நீங்கள் உங்களுக்காக மறுக்கிறீர்கள் என்பது போய், அவர்களைத் தப்பு சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் உங்களைக் குடிக்க வைப்பதே அவர்களுக்கு ஒரு பந்தயமாகிவிடும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். சரக்குக்கு ஷேர் போடாதீர்கள், சாப்பாட்டுக்கு மட்டும் போடுங்கள், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காசு போட்டுவிட்டால் "உன் பங்கு இது" என்று கிளாஸ் தானாக உங்கள் முன்னால் வந்துவிடும், உங்களுக்கும் காசு வீணாகிறதே என்று தோன்றும். கையில் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்கட்டும், நீங்களே ஊற்றிய தண்ணியோ கூல்டிரிங்ஸோ, கை காலியாக இருக்கிறவனிடம்தான் எல்லாரும் நீட்டுவார்கள். முழு ராத்திரியும் "கம்பெனி கொடுக்க" உட்காராதீர்கள். ஆரம்பத்தில் இருந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு, இரண்டாவது பாட்டில் திறக்கும்போது எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் அங்கே பேச்சும் இருக்காது, தெளிவாக இருக்கிறவனுக்கு வேலையும் இருக்காது.

ஒன்றில் மட்டும் கூச்சமே வேண்டாம். டாஸ்மாக் ராத்திரி பத்து மணிக்கு மூடிவிடும் என்பதால், ஒன்பதரை வாக்கில் "பத்தல, இன்னொன்னு வாங்கிட்டு வந்துடலாம்" என்று ஒருவன் பைக் சாவியைத் தேடுவான். முதல் சுற்று குடித்துவிட்டு, அவசரத்தில், இருட்டில், பெரும்பாலும் ஹெல்மெட் இல்லாமல், பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு. குடித்ததாலேயே வருகிற உடல் கோளாறைவிட அந்த அரை மணி நேரத்தை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கோபப்பட்டால் படட்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாலே குற்றம், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அடுத்து, ஒரு பீர். "பீர்தானே, அது சரக்கே இல்லை" என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு, கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் பீர் என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால், அதாவது 52 மில்லி, எடையில் சுமார் 41 கிராம். பிராந்தி, ரம் எல்லாம் 42.8 சதவீதம், அதில் ஒரு பெக், அதாவது 30 மில்லி, ஊற்றினால் சுமார் 10 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது நாலு 30 மில்லிக்குச் சமம், ஒரு கட்டிங்கை (90 மில்லி) விட அதிகம். லைட்டான 5 சதவீத பீர் என்றாலும் இரண்டரை பெக். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு பெக் அளவைத்தான் எரிக்கும், மோரோ எலுமிச்சையோ காபியோ பச்சைத் தண்ணிக் குளியலோ அதை வேகப்படுத்தாது. ஒரே ஒரு பீரில் நீங்கள் குடிநோயாளி ஆகிவிட மாட்டீர்கள், அப்படிச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ குடியால் சீரழிந்தவர் என்றால் கணக்கு வேறு. குடிநோய் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபு வழியில் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் ரூம்மேட்டுக்கு ஒத்துக்கொள்வது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அப்புறம் தமிழ்நாட்டில் 21 வயது ஆகாமல் வாங்குவதே சட்டப்படி கூடாது, இரண்டாம் ஆண்டில் உங்களுக்குப் பத்தொன்பது இருக்கும்.

நீங்கள் குடிக்காவிட்டாலும் குடிக்கிறவர்களோடு இருக்கிறீர்கள், அதனால் இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிளேஸ்மென்ட் ட்ரீட் அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு வாட்ச்மேன் என் கதவைத் தட்டினார். மூன்றாம் ஆண்டுப் பையன், ஒல்லியான உடம்பு, பந்தயம் கட்டித் தண்ணி கலக்காமல் குடித்திருந்தான். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் ஈரம், ஒரு வாளித் தண்ணியை அவன் மேல் ஊற்றியிருந்தார்கள், பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் நாலைந்து கிடந்தது. மல்லாக்கப் படுத்திருந்தான். மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். உதடு கருத்துப் போயிருந்தது. அவனை ஒருக்களித்துத் திருப்பியதும் வாயிலிருந்து வாந்தி ஒரு கட்டியாக வெளியே வந்தது, அதற்கப்புறம்தான் மூச்சு சரியாக வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் "சார், காலேஜ்ல சொல்லிடாதீங்க சார், சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க சார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். 108 வந்தது, பையன் பிழைத்தான். ஆனால் அவன் பேச்சு மூச்சில்லாமல் ஆகி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாட்ச்மேனையே கூப்பிட்டிருக்கிறார்கள். காரணம், குடித்துப் பிடிபட்டால் சஸ்பென்ஷன் என்கிற விதி. அந்த வருஷ ஆரம்பத்தில் ஹாலில் மைக் பிடித்து அந்த விதியை வாசித்தவன் நான். உதவிக்குக் கூப்பிட்டவனைத் தண்டிக்க மாட்டோம் என்று ஒரு வரி அதில் சேர்க்கச் சொல்லி அதற்கப்புறம் மூன்று வருஷம் நிர்வாகத்திடம் கேட்டேன், நடக்கவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இலேயே அப்படி ஒரு விதி கொண்டுவந்தது, அதன் பிறகு ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகள் அங்கே கூடின. நம் வார்டன்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக இருக்கிறது அல்லது விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, உதடோ நகமோ நீலமாகிறது, இதில் ஒன்று இருந்தாலும் 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். "தூங்கட்டும், சரியாயிடும்" என்று கதவைச் சாத்திவிட்டு வரக்கூடாது, வயிற்றில் மிச்சம் இருக்கிற சரக்கு தூங்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

சீனியர்கள் யாராவது மிரட்டிக் குடிக்க வைத்தால் அது நண்பர்கள் விஷயமே அல்ல, ராகிங். தமிழ்நாட்டில் 1997இலேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. யுஜிசியின் ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. உங்கள் ரூம்மேட்களில் யாராவது நிறுத்த முடியாமல் தவிப்பதாகத் தெரிந்தால் 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணைக் கொடுங்கள், காசில்லை.

கடைசியாக, ரூம் மாற்றம். 2008இல் கிரெமர், லெவி என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் குலுக்கல் முறையில் ரூம்மேட் கிடைத்த மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பொதுவாக இந்த மாதிரி விஷயத்தில் குடிக்கிறவன் குடிக்கிறவனைத் தேடிப் போய்ச் சேர்ந்தானா, சேர்ந்ததால் குடித்தானா என்று பிரிக்கவே முடியாது, குலுக்கல் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. காலேஜுக்கு வரும் முன்பே குடித்துப் பழகியவன் ரூம்மேட்டாக வாய்த்த ஆண் மாணவர்களின் ஜிபிஏ சராசரியாகக் கால் புள்ளி குறைந்தது, இரண்டாம் ஆண்டிலும் அது சரியாகவில்லை. ஏற்கெனவே அடிக்கடி குடித்துப் பழகிய பையன்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. பெண்களிடம் அப்படி ஒரு பாதிப்பு தெரியவில்லை.

அதனால் நீங்கள் இதுவரை தொட்டதே இல்லை, "வேண்டாம் மச்சி" என்றால் விட்டுவிடுகிறார்கள், மற்ற ஆறு நாளும் நல்ல நண்பர்கள்தான் என்றால், ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை அவர்களோடு குடித்திருக்கிறீர்கள், அதை எனக்கு எழுதவில்லை என்றாலோ, சனிக்கிழமை இப்போது புதன்கிழமைக்கும் வந்துவிட்டது என்றாலோ, தயங்காமல் மாறிவிடுங்கள். வார்டனிடம் கொடுக்கும் கடிதத்தில் படிப்பதற்கு வசதியாக என்று மட்டும் எழுதுங்கள், யார் பெயரையும் எழுத வேண்டாம், அந்த மூன்று பேரோடும் இன்னும் இரண்டு வருஷம் ஒரே கிளாஸில் உட்கார வேண்டும், நாளைக்கு அவர்களில் ஒருவனே உங்களைத் தேடி வரலாம். எந்த ரூமுக்குப் போவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். எத்தனை டிக் விழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.